டெமன் ஸ்லேயர் கதை சரியாக எந்த ஆண்டில் நடக்கிறது?

ஜப்பானிய மங்கா (படக்கதை) தொடரான டெமன் ஸ்லேயரின் உலகத்தில் ஒரு ரசிகர் கதை எழுதப் போவதாகவும், "தைஷோ காலம்" என்ற அளவுக்குத் தெரிந்தால் போதாது, ஆண்டே வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஜப்பானின் மெய்ஜி பேரரசர் 1912 ஜூலை 30 அன்று காலமானதும் தைஷோ என்ற காலப்பெயர் தொடங்கியது. 1926 டிசம்பர் 25 வரை ஓடியது. இடையில் முதல் உலகப்போர், 1918 அரிசிக் கலவரம், 1923 நிலநடுக்கம் எல்லாம் வந்து போய்விட்டன. 1913 டோக்கியோவையும் 1925 டோக்கியோவையும் ஒரே ஊராக எழுத முடியாது.

ஆனால் கதைக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. அரக்க வேட்டையர் படையில் சேர்வதற்கான இறுதித் தேர்வில், பல கைகள் முளைத்த ஓர் அரக்கன் கதாநாயகன் தஞ்சிரோவின் நரி முகமூடியைப் பார்த்ததும் "இப்போது மெய்ஜி எத்தனையாவது ஆண்டு?" என்று கேட்கிறான். தஞ்சிரோ, "இது தைஷோ காலம்" என்கிறான். தான் அடைபட்டுக் கிடந்தபோதே காலத்தின் பெயர் மாறிப்போனதென்று அரக்கன் கத்திக் கூப்பாடு போடுகிறான். தன்னைப் பிடித்து அங்கே அடைத்தவர் தஞ்சிரோவின் குரு உரோகோடாகி என்றும், அது 47 ஆண்டுகளுக்கு முன்பு, எடோ காலத்தில் (மெய்ஜிக்கு முந்தைய ஷோகன் ஆட்சிக் காலம்), கெய்யோ என்ற காலப்பெயரின்போது நடந்தது என்றும் சொல்கிறான். பலர் இதைக் கேட்டுவிட்டு அடுத்து வரும் சண்டைக் காட்சிக்குத் தாவிவிடுவார்கள். எனக்கோ இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த வசனம் இதுதான்.

காரணம், கெய்யோ மிகக் குட்டியான காலம். 1865 வசந்தத்தில் தொடங்கி 1868 இலையுதிர் காலத்தில் முடிந்துவிட்டது. ஒரு பேரரசருக்கு ஒரே காலப்பெயர் என்ற விதியே 1868-ல் மெய்ஜியோடுதான் வந்தது. அதற்கு முன் தீ விபத்து, நோய், அரசியல் குழப்பம் எது வந்தாலும் பெயரை மாற்றிவிடுவார்கள். மெய்ஜிக்கு முந்தைய கோமெய் பேரரசரின் ஆட்சியில் மட்டும் ஆறு முறை மாறியது. அந்த ஆறில் கடைசியாக வந்ததுதான் கெய்யோ. அரக்கன் கெய்யோவுக்குப் பதிலாக "மெய்ஜியில்" என்று சொல்லியிருந்தால், 45 ஆண்டு நீளமுள்ள காலத்தில் எந்தப் புள்ளியிலிருந்து எண்ணுவது? ஒன்றுமே தேறியிருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். 1865-உடன் 47 கூட்டினால் 1912. 1868-உடன் கூட்டினால் 1915. ஆக, இறுதித் தேர்வு 1912 ஜூலைக்கும் 1915 முடிவுக்கும் இடையில்தான்.

இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். மங்காவின் கதைச் சுருக்கம், தஞ்சிரோவின் குடும்பம் கொல்லப்படுவதையே தைஷோவில்தான் வைக்கிறது. அந்தக் காட்சியில் மலை முழுக்கப் பனி. அப்படியென்றால் மிக முந்தைய வாய்ப்பு 1912-13 குளிர்காலம். அதன்பின் உரோகோடாகியிடம் சுமார் இரண்டு ஆண்டுப் பயிற்சி. தஞ்சிரோவின் வயது 13-லிருந்து 15 ஆகிறது. எனவே தேர்வு 1914-ன் கடைசிக்கு முன்னால் நடந்திருக்க வழியில்லை. அரக்கன் சொன்ன கணக்கோ 1915-ஐத் தாண்ட விடாது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே ஒரு ஆண்டு. என் பதில் 1915.

மற்ற தடயங்களெல்லாம் இதோடு ஒத்துப்போகின்றன, ஆனால் தனியாக நின்று ஆண்டைச் சொல்லாது. ரயில் நிலையத்தில் வாளோடு நிற்கும் பையன்களைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிடுகிறார்களே, அதற்குக் காரணமான வாள் தடைச் சட்டம் 1876-லேயே வந்துவிட்டது. அதை வைத்து "1876-க்குப் பிறகு" என்று மட்டும்தான் சொல்ல முடியும். கதையில் வரும் முகென் ரயிலின் நீராவி எஞ்சின் 8620 வகையைப் போலிருப்பதாக ரயில் பிரியர்கள் சொல்கிறார்கள். 2020-ல் க்யூஷூ ரயில்வே அதே வகை எஞ்சினில் "முகென்" பலகையை மாட்டி ஓட்டவும் செய்தது. அந்த வகையைக் கட்டத் தொடங்கியது 1914-ல். அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் ஓவியர் பார்க்க நன்றாக இருந்த எஞ்சினை வரைந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் பின்னணிப் படங்களைவிட, பாத்திரமே வாய்விட்டுச் சொல்லும் காலப்பெயரையும் எண்ணையும் நான் அதிகம் நம்புகிறேன்.

இதே வழி வேறு கதைகளுக்கும் உதவும். இயக்குநர் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் கிகுச்சியோ என்ற பாத்திரம், தான் சாமுராய் குலம் என்று காட்ட ஒரு வம்சாவளிச் சுருளை நீட்டும். அதில் பிறப்பு தென்ஷோ என்ற காலத்தின் 2-ஆம் ஆண்டு, அதாவது 1574. சாமுராய்களின் தலைவர் கம்பெய் அதைப் படித்துவிட்டு, "உன்னைப் பார்த்தால் 13 வயது மாதிரி தெரியவில்லையே" என்று சிரிப்பார். பழைய ஜப்பானியக் கணக்கில் பிறந்த உடனேயே வயது ஒன்று. ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். அப்படி எண்ணினால் படம் நடப்பது 1586. நம் வழக்கப்படி 1574-உடன் 13-ஐக் கூட்டினால் 1587 என்று வரும். ஓர் ஆண்டுதான் வித்தியாசம், ஆனால் இந்த வேலையில் ஓர் ஆண்டு பெரிய விஷயம். 1588-ல் அன்றைய ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க உத்தரவிட்டார்; அந்தக் கிராமத்தார் ஒளித்து வைத்திருந்த கவசங்களையும் ஆயுதங்களையும் நினைத்துப் பார்த்தால் இந்தத் தேதியின் கனம் புரியும்.

அப்புறம், உங்கள் கதைக்கு வருகிறேன். 1915 என்று வைத்துக்கொண்டால், உங்கள் பாத்திரம் டோக்கியோ ஸ்டேஷனில் தாராளமாக வந்து இறங்கலாம். அது 1914 டிசம்பரில்தான் திறந்தது, செங்கல் இன்னும் புதுசாக இருக்கும். அசகுசாவுக்குப் போனால் ர்யோஉன்காகு என்ற பன்னிரண்டு மாடிக் கோபுரத்தைக் காட்டலாம், 1923 நிலநடுக்கத்தில்தான் அது உடைந்தது. பக்கத்திலேயே 1903 முதல் சினிமாக் கொட்டகை உண்டு, படம் பேசாது. வானொலி வேண்டாம், ஒலிபரப்பு தொடங்கியது 1925-ல். உயேனோவிலிருந்து அசகுசாவுக்குச் சுரங்க ரயிலும் வேண்டாம், அது 1927. ஜப்பான் 1914 ஆகஸ்டிலேயே ஜெர்மனி மீது போர் அறிவித்துவிட்டது, அதனால் நகரத்துக் காட்சியில் யாராவது செய்தித்தாள் படித்தால் அதில் போர்ச் செய்தி இருக்கட்டும். மலையில் கரி விற்கும் குடும்பத்துக்கு அது எட்டியிருக்கத் தேவையில்லை.