பெங்களூரில் நல்ல ஹாட் சிப்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?

"ஊரிலிருந்து வந்து ஆறு மாசம் ஆச்சு, பக்கத்துல இருக்கிற கஃபே எல்லாம் ஏறி இறங்கிட்டேன், மொறுமொறுன்னு ஒரு ஹாட் சிப்ஸ் கிடைக்கலை, கடைப் பெயர் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைப் பெயர் சொல்ல மாட்டேன். மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மார்ச் மாதம் பொன்னிறமாகப் போட்டுத் தரும் அதே கடை, அதே மாஸ்டர், அக்டோபரில் பழுப்பாகத் தருவார். பெயர் சொன்னால் அப்போது என்னைத்தான் திட்டுவீர்கள். சட்டியைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் அல்சூர், மல்லேஸ்வரம், ஜெயநகர், காந்தி பஜார் எங்கே நின்றாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கஃபேயை விடுங்கள். அங்கே ஹாட் சிப்ஸ் என்று வருவது பெரும்பாலும் ஃப்ரீசர் பையிலிருந்து எடுக்கும் பிங்கர் சிப்ஸ். அது மோசம் என்று சொல்லவில்லை. பனி உருகவிடாமல் நேராக 180 டிகிரி எண்ணெயில் போட்டு, மேசைக்கு வந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும். நீங்கள் தேடுவது அதுவல்ல என்று நினைக்கிறேன். வாசலில் இரும்புச் சட்டியும், அதன் மேலேயே பிடித்துச் சீவும் கட்டையும் இருக்கிற சிப்ஸ் கடைதான் உங்களுக்கு வேண்டியது.

இனி உருளை. முக்கால்வாசி விஷயம் இதில்தான் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்து உருளை பிப்ரவரி, மார்ச்சில் தோண்டி, 2 முதல் 4 டிகிரி குளிர்பதனக் கிடங்கில் வைத்து, நவம்பர் வரைக்கும் வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்தக் குளிரில் கிழங்கின் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறிவிடும். சமையலுக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, லேசாகத் தித்திக்கும், அவ்வளவுதான். சிப்ஸுக்குத்தான் ஆபத்து. ஈரம் முழுக்கப் போவதற்கு முன்பே சர்க்கரை கருகிவிடும். நிறத்துக்குப் பயந்து முன்னாடியே எடுத்தால் தோல் மாதிரி வளையும், விட்டால் கசக்கும். மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. விவரமான கடைக்காரர் மூட்டையை இரண்டு மூன்று வாரம் வெளியே காற்றாட வைத்துச் சர்க்கரை குறைந்த பிறகு சீவுவார், இல்லையென்றால் புது உருளை பார்த்து வாங்குவார். கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்து உருளை கோடை தொடங்கும்போதும், ஹாசன் உருளை ஆகஸ்ட், செப்டம்பரிலும் வரும். சிம்லா உருளை ஆராய்ச்சி நிறுவனம் சிப்ஸுக்கென்றே 1998-ல் குஃப்ரி சிப்சோனா என்ற ரகத்தை வெளியிட்டது. சர்க்கரை குறைவு, மாவு அதிகம். அது கிடைத்தால் விடாதீர்கள்.

பழுப்பாக இருந்தாலே "பழைய எண்ணெய்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் வளையமாகவோ நடுவில் திட்டுத்திட்டாகவோ கறுத்து, பக்கத்து வில்லை வெளுப்பாக இருந்தால் குற்றம் கிழங்கில். எல்லா வில்லையும் ஒரே மாதிரி மங்கலாக, தின்ற பிறகு தொண்டையில் காறல் நின்றால் எண்ணெயில். அப்போது சட்டியில் நுரை ஓரம் வரை ஏறி அடங்காமல் நிற்கும், தீயைக் குறைத்தாலும் புகையும். எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகிறவை) 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. நாம் அளந்து பார்க்க முடியாது, ஆனால் நுரையைப் பார்க்கலாம். "பாமாயிலா? விஷம்!" என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். உடம்புக்கு எது நல்லது என்று நான் பேசவில்லை. பொரிக்கிற சூட்டுக்குப் பாமாயில் சூரியகாந்தி எண்ணெயைவிடத் தாங்கும், அதை மட்டும் சொல்கிறேன்.

போடும்போது கவனியுங்கள். சீவின உருளையை இரண்டு தண்ணீரில் அலசி, ஈரம் வடியவிட்டுத்தான் போட வேண்டும். அலசாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டும். வில்லை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் நடுவில் ஈரம் நிற்கும். கூட்டம் நிற்கிறதே என்று ஒரே ஈட்டில் சட்டி நிறையக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கி, சிப்ஸ் எண்ணெயைக் குடித்துவிடும். நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் காதுதான் கருவி. மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி கொதிக்கிற எண்ணெயிலேயே ஊற்றுவார்கள்; சட்டி சீறும், பிறகு சலசலப்பு மெல்ல மெல்ல அடங்கும். முழுக்க அடங்கின பிறகு ஜல்லிக்கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் ஓடு மாதிரி சத்தம் வர வேண்டும். சத்தம் அடங்குவதற்குள் எடுக்கிறவர் கடையில் வாங்காதீர்கள், மறுநாளே நமத்துவிடும்.

விலையும் ஓர் அடையாளம். ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்றரை கிலோவுக்குக் குறையாமல் உருளை போகும், எண்ணெய் முந்நூறு கிராமுக்கு மேல் உள்ளே இறங்கும். இந்தக் கணக்குக்குக் கீழே ஒருவர் விற்றால் எங்கேயோ கை வைக்கிறார் என்று அர்த்தம்.

சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள், அப்போதுதான் சட்டி ஓய்வில்லாமல் ஓடும். கண்ணாடிப் பெட்டியில் குவிந்திருப்பதைக் காட்டி "யாவாக கரிதித்து?" என்று கன்னடத்தில் கேளுங்கள், எப்போது பொரித்தது என்று அர்த்தம். மசாலா தூவினதைத் தவிர்த்து உப்பு மட்டும் போட்டதை வாங்குங்கள், மசாலா பழசை மறைத்துவிடும். சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் கட்டவிடாதீர்கள், ஆவி உள்ளேயே நின்று வீடு போவதற்குள் தொய்ந்துவிடும். அச்சடித்த செய்தித்தாளும் வேண்டாம், மை ஒட்டும். பழுப்புக் காகிதப் பையில் வாங்கி, வாயைத் திறந்தபடி பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிறகு டப்பாவில் போட்டு மூடுங்கள்.