துணியோடு வந்துவிட்ட தொப்புள் கொடி

கேள்வி: பேறுகாலத்துக்காக மன்னார்குடிக்கு அருகே தாய்வீட்டில் இருக்கிறேன். குழந்தைக்கு 12 நாள். ஒன்பதாம் நாள் துணி மாற்றும்போது தொப்புள் கொடி துணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது முதல் துணியில் இரத்தப் பொட்டும் சிறிது ஈரமும் தெரிகின்றன. அழும்போது தொப்புள் புடைக்கிறது. பாட்டி வசம்புக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசுகிறார். மருந்துக் கடையில் ஒரு பவுடர் கொடுத்தார்கள். இணையத்தில் படித்த பிறகு தூக்கமே இல்லை.

பதில்: கொடியை நீங்கள் பிய்த்துவிடவில்லை, அம்மா. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது 5 முதல் 15 நாள்களுக்குள் தானாகவே விழும்; உங்கள் குழந்தைக்கு விழ வேண்டிய காலத்தில்தான் விழுந்திருக்கிறது. அதற்குள் கொடியின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபட்டிருக்கும், கொடியில் வலியை உணரும் நரம்பும் கிடையாது. விழுந்த இடம் ஆறும்வரை சில நாள்கள் துணியில் பொட்டுப் பொட்டாக இரத்தம் படுவது இயல்பு. பத்து நிமிடம் சுத்தமான துணியால் அழுத்தியும் நிற்காமல் கசிந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி பிறந்தவுடன் போடப்பட்டதா என்பதை அங்கே கேட்பார்கள்.

அழும்போது புடைப்பது தொப்புள் குடலிறக்கமாக இருக்கலாம். குடல் வெளியே வந்துவிடாது. பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துக் கட்டுவதால் பயனில்லை, தோல்தான் புண்ணாகும். புடைப்பு கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தி எடுத்தால் அது அவசரம்.

இனி நான் சொல்வதை வீட்டில் எல்லோரையும் கேட்க வையுங்கள். தொப்புளுக்குள் சிறிது ஈரம் இருப்பதைவிட, அதைச் சுற்றியுள்ள வயிற்றுத் தோல் எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். அந்தத் தோல் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தால், அல்லது அங்கே கை பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதால், அது தொப்புளைச் சுற்றிப் பரவும் தொற்று. மாநிறக் குழந்தைகளிடம் சிவப்பு பளிச்சென்று தெரியாது. தோல் கருத்து மினுமினுப்பதும் அதே அறிகுறிதான். பிறந்த குழந்தையின் தொப்புளிலிருந்து கல்லீரலை நோக்கிச் செல்லும் இரத்தக் குழாயின் வழி இன்னும் முழுமையாக மறைந்திருக்காது என்பதால், தொற்று அந்த வழியாக உள்ளே ஏறி இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். அப்போது காய்ச்சல் வரலாம். காய்ச்சலே இல்லாமல் உடல் சில்லிட்டுப் போகவும் செய்யலாம். பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தையை "நன்றாகத் தூங்குகிறது" என்று விட்டுவிடாதீர்கள். சிவப்பு பரவுகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், இரவாக இருந்தாலும் 108-ஐ அழைத்து, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதற்கு இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்த வேண்டும். வீட்டு மருந்தோ கடைப் பவுடரோ போதாது.

அதனால்தான் எண்ணெய், கரி, மஞ்சள், பவுடர் ஆகிய அனைத்தையும் இன்றே நிறுத்தச் சொல்கிறேன். ஒரு காலத்தில் சாம்பலும் சாணமும் பூசிய தொப்புள் வழியாகத்தான் இரணஜன்னி (டெட்டனஸ்) பச்சிளங்குழந்தைகளைக் கொண்டுபோனது. தாய்மார்களுக்கான தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் 2015-இல்தான் இந்தியாவில் அது ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. பாட்டியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தையைப் பார்க்காமலே பவுடர் விற்றவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தொப்புளுக்குத் தேவை உலர்வு மட்டுமே. கை கழுவிவிட்டு, கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியால் ஓரத்தைத் துடைத்து, ஒற்றி எடுத்து, காற்றுப்பட விடுங்கள். இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்தில் துணி லேசில் காயாது. அரைகுறை ஈரத்தோடு கட்டுவதைவிட இஸ்திரி போட்டு உலர்த்திக் கட்டுவது நல்லது.

கொடி விழுந்து பத்து நாளுக்குப் பிறகும் ஈரம் நிற்காமல், உள்ளே பட்டாணி போல இளஞ்சிவப்புச் சதை தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது எளிதில் சரியாகும். சிறுநீர் போன்ற நீரோ மலமோ கசிந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். எப்போது வருவதானாலும் கரியையும் பவுடரையும் துடைத்துவிட்டு வாருங்கள். மருத்துவர் பார்க்க வேண்டியது அதற்கு அடியில் இருக்கும் தோலை.