எஸ்டிமேஷன் கேள்வி-பதில்: எல்லாமே 'மஸ்ட்' என்றால் எதை முதலில் செய்வது?

கேள்வி: பேக்லாக்கில் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியலில்) 200 ஸ்டோரிகள் (பயனருக்கான சின்னச் சின்ன வசதிகள்) கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் பிளானிங் போக்கர் (ஆளுக்கொரு எண் கார்டு போட்டு வேலையின் அளவைக் கணிப்பது) ஆட வேண்டுமா?

வேண்டாம். அதில் பலவற்றை நீங்கள் கையில் எடுக்கவே போவதில்லை. அட்டைகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை, வாய் திறக்காமல், டீமையே வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். ஆளாளுக்கு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் அட்டைகளை மட்டும் தனியே எடுத்துப் பேசினால் போதும். போக்கர், அடுத்த ஓரிரு ஸ்ப்ரின்ட்டில் (குறுகிய வேலைச் சுற்றில்) வரப்போகும் ஸ்டோரிகளுக்கு.

கேள்வி: சீனியர் டெவலப்பர் 5 என்றால் எல்லோரும் 5 என்கிறார்கள். பிறகு கார்டு எதற்கு?

அவர் சொன்ன பிறகு கார்டைத் திருப்பினால் அப்படித்தான் ஆகும். 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் இந்த முறையை எழுதியதே, ஓரிருவர் பேச மற்றவர்கள் ஒதுங்கிவிடும் கூட்டங்களுக்காகத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் முதலில் பேச வேண்டும். சீனியர் கடைசியில் வாய் திறக்கட்டும்.

'டெலிவரி முகவரியை மாற்றும் வசதி' என்று ஒரு ஸ்டோரி. டெவலப்பர் 3 போடுகிறார், டெஸ்டர் 13. டெஸ்டரைக் கேட்டால், "பொருள் கிளம்பிய பிறகு மாற்றினால் என்ன ஆகும்? அடித்த பில்லில் பழைய முகவரிதானே இருக்கும்?" என்கிறார். அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. உங்களுக்குக் கிடைத்த லாபம் அதுதான், எண் அப்புறம். சராசரி பார்த்து 8 என்று முடித்துவிட்டால், அதே கேள்வி ஸ்ப்ரின்ட் பாதியில் வந்து நிற்கும். இரண்டு மூன்று சுற்றிலும் ஒத்துவரவில்லையா, ஸ்டோரியை உடையுங்கள்.

கேள்வி: மாஸ்கோ முறையில் (மஸ்ட், ஷுட், குட், வோன்ட் என்று முக்கியத்துவப்படி) பிரித்தோம். எல்லாமே 'மஸ்ட்' (கட்டாயம் வேண்டும்) ஆகிவிட்டது!

எங்கும் நடப்பதுதான். இந்த முறையை வளர்த்த டிஎஸ்டிஎம் என்ற திட்ட மேலாண்மை முறையின் வழிகாட்டியே 'மஸ்ட்' வேலைகள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எண்ணிக்கையில் அல்ல, உழைப்பில். ஒவ்வொன்றுக்கும் "இது இல்லையென்றால் ரிலீஸையே நிறுத்துவீர்களா?" என்று கேளுங்கள். கொஞ்ச நாள் கையால் சமாளிக்கலாம் என்றால் அது 'மஸ்ட்' இல்லை.

அப்புறமும் இழுபறி என்றால், தாமதத்தால் வரும் இழப்பை வேலையின் அளவால் வகுத்துப் பாருங்கள். இழப்பு 8, அளவு 8 என்றால் விடை 1. இழப்பு 5, அளவு 2 என்றால் 2.5. இழப்பு குறைவாக இருந்தும் இரண்டாவதுதான் முந்துகிறது. அறையில் சத்தமாகப் பேசுபவருக்கு இந்தக் கணக்கு பிடிக்காது.

கேள்வி: டாட் ஓட்டிங்கில் (பிடித்த சீட்டில் புள்ளி வைத்து ஓட்டுப் போடுவதில்) ஜெயித்ததைத்தான் முதலில் செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. முடிவு, எது முதலில் என்று தீர்மானிக்கும் புராடக்ட் ஓனருடையது. ஓட்டு, அறையில் இருப்பவர்களின் விருப்பத்தைத்தான் காட்டும். பயனருக்கு அங்கே ஓட்டில்லை. ஒரே யோசனை மூன்று சீட்டில் இருந்தால் ஓட்டும் மூன்றாகச் சிதறும். முதலில் சேர்த்துவிட்டு ஓட்டெடுங்கள்.

கேள்வி: கார்டில் போடும் எண்ணில் ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை மணி நேரம்?

அப்படி ஒரு கணக்கு இல்லை. மேனேஜர் தேதி கேட்டால், கடந்த சில ஸ்ப்ரின்ட்களில் எவ்வளவு முடித்தீர்கள் என்று பார்த்து, "இதற்கும் இதற்கும் இடையில்" என்று ஒரு வீச்சாகச் சொல்லுங்கள்.