உணவு மாறினால் பூச்சியின் குடல் பாக்டீரியாவும் மாறுமா?

கேள்வி: நாம் சாப்பிடுவதைப் பொறுத்து நம் குடல் பாக்டீரியா மாறுகிறது என்கிறார்கள். செடி, கொடியைத் தின்னும் பூச்சிகளுக்கும் அப்படித்தானா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் எந்தப் பூச்சி என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

வேளாண்மை படித்தவன் என்பதால் கறிவேப்பிலைப் புழுவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இலை தின்னும் இந்த மாதிரிப் புழுக்களின் குடல் ஒரு சத்திரம். இலையோடு வரும் பாக்டீரியா வந்த வழியே போய்விடும், நிரந்தரமாகத் தங்குவது மிகக் குறைவு. குடலுக்குள் காரத்தன்மை அதிகம், தின்றது சில மணி நேரத்தில் எச்சமாகிவிடும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கா, கோஸ்டாரிகா பகுதிகளின் 124 இனப் புழுக்களைச் சோதித்தார்கள். கிடைத்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் பெரும்பாலும் இலையில் இருந்ததுதான். புகையிலைப் புழுவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பாட்டுக்குத் தின்று வளர்ந்தது!

காபித் தோட்டக்காரர்கள் பெர்ரி போரர் என்று திட்டும் வண்டின் கதை வேறு. 1990இல் நம் நீலகிரி கூடலூரில்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. காபிக் கொட்டைக்குள்ளேயே பிறந்து வளரும் பூச்சி இது. மற்றப் பூச்சிகளுக்கு விஷமான கஃபீனை இதன் குடலில் உள்ள சூடோமோனாஸ் பாக்டீரியா சிதைத்துவிடுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் கஃபீன் அப்படியே எச்சத்தில் வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் இல்லினாய் மக்காச்சோள வேர்ப்புழு. இது வளர்ந்தால் வண்டாகும். வண்டு மக்காச்சோள வயலில் முட்டையிடும், அடுத்த வருஷம் பொரிக்கும் புழு மக்காச்சோள வேரில்தான் பிழைக்கும். அதனால் விவசாயிகள் ஒரு வருஷம் மக்காச்சோளம், மறு வருஷம் சோயா என்று பயிர் சுழற்சி செய்தார்கள். பல காலம் நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் இந்த வண்டுகளில் சில சோயா வயலுக்குள் போய் முட்டையிட ஆரம்பித்தன. அடுத்த வருஷம் அதே நிலத்தில் மக்காச்சோளம் முளைக்கும்போது புழுவுக்குச் சாப்பாடு தயார்! ஆனால் சோயா இலையில் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் உண்டு, அதைத் தின்று வண்டு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? 2013இல் குடலைப் பார்த்தபோது, இந்த வண்டுகளின் பாக்டீரியாக் கூட்டம் சாதாரண வண்டுகளுடையதிலிருந்து மாறியிருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் அந்தக் கூடுதல் தெம்பு போய், சோயாவில் மற்ற வண்டுகளைப் போலவே சீக்கிரம் செத்தன.