மலையேற்றத்துக்கும் கேம்பிங்குக்கும் நீங்கள் எடுத்துப் போகும் கப் எது? ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். என் பையில் இருப்பது ஒற்றைச் சுவர், அதாவது ஒரே அடுக்குத் தகட்டால் ஆன எவர்சில்வர் கப். 450 மி.லி. பிடிக்கும், பக்கவாட்டில் மடங்கும் கம்பிப் பிடி உண்டு, தனியாக ஒரு மூடியும் உண்டு. டைட்டானியம் இல்லை, இரண்டு அடுக்குத் தகடும் நடுவே இடைவெளியும் உள்ள இரட்டைச் சுவர் கப்பும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இமயமலைக்கும் பல வருடமாகப் போய் வருகிறேன். இந்தக் கப் மேல் இருக்கும் பிரியம் எனக்கு ஷூ மேல்கூடக் கிடையாது. ஆனால் உங்களுக்கும் இதுதான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. நீங்கள் எங்கே போகிறீர்கள், அங்கே அடுப்பு பற்றவைக்கப் போவது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பொருள், எடை, விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

தமிழ்நாட்டுக் காடுகளில் மட்டும் நடப்பவர் என்றால் கப்பை அடுப்பில் வைக்கும் பேச்சே இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. பகலில் ஏறிப் பகலிலேயே இறங்கிவிடுகிற நடைகள் அவை. அங்கே கப்பின் வேலை, ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோன காபியை ஊற்றிக் குடிப்பதும், அடிவாரத்து டீக்கடையில் நீட்டுவதும்தான். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது. இருந்தும் காட்டு ஓரத்தில் அவை கசங்கிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. சொந்தக் கப் கொண்டுபோக அந்த ஒரு காரணமே போதும். இந்த மாதிரி நடைக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளரே தாராளம், புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

கதை மாறுவது இமயமலைப் பக்கம் போகும்போதுதான். கேதார்காந்தா சிகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரகண்டில் சங்க்ரி கிராமத்திலிருந்து ஏறி, 2,700 மீட்டருக்கு மேலே ஜூடா கா தாலாப் என்ற சிறிய ஏரிக்குப் பக்கத்தில் கூடாரம் போடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் அந்த ஏரியே உறைந்து கிடக்கும். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிய உடனே குளிர் எலும்பைத் தொடும். சமையல் கூடாரத்திலிருந்து கெட்டிலோடு ஒருவர் வருவார். தட்டு, ஸ்பூன், கப் மூன்றையும் நாமே கொண்டுவர வேண்டும் என்று நடத்துபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரே கப்பில் முதலில் டீ, கொஞ்ச நேரத்தில் சூப், இரவில் பருப்பு, படுக்கும் முன் வெந்நீர். நடுவில் கழுவ ஐஸ் மாதிரித் தண்ணீர்தான் கிடைக்கும்.

இங்கே வீட்டு டம்ளர் திணறும். ஊரில் விளிம்பை ஒரு விரலாலும் அடியை ஒரு விரலாலும் பிடித்துக் குடித்துப் பழகியிருப்போம். கம்பளிக் கையுறையோடு அப்படிப் பிடித்தால் வழுக்கும். கையுறையைக் கழற்றினால் சுடும். அதனால் பிடி வேண்டும், அதுவும் கையுறை போட்ட இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு. கடைகளில் கிடைக்கும் பல கப்புகளில் பிடி ஒரு விரலுக்குத்தான் இடம் தரும்.

குளிருக்கு இரட்டைச் சுவர் கப்தானே நல்லது என்று தோன்றும். சூடு அதிக நேரம் நிற்பது உண்மைதான். ஆனால் திறந்த கப்பில் சூட்டில் பெரும் பங்கு மேற்பரப்பிலிருந்து ஆவியாகப் போய்விடும். ஒற்றைச் சுவர் கப்பின் மேல் ஒரு மூடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மூடியோடு வராத கப் என்றால் டபராவையோ சின்ன எவர்சில்வர் தட்டையோ மேலே கவிழ்த்தால் சரி. இன்னொன்று, அந்த உயரத்தில் எனக்கு டீ மட்டும் சூடாக இருந்தால் போதாது, கையும் சூடாக வேண்டும். கையுறையோடு ஒற்றைச் சுவர் கப்பை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தால் சூடு மெதுவாக விரல் நுனி வரை வரும். இரட்டைச் சுவர் கப் அந்தச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

இரட்டைச் சுவர் கப்பை அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறி விரிந்தால் கப் உப்பும், வெடிக்கவும் செய்யும். என்றைக்கும் அடுப்பு பற்றவைக்கப் போவதில்லை, குழுவோடு மட்டுமே போவேன் என்றால் தாராளமாக அதை வாங்கலாம், எனக்கு மறுப்பு இல்லை. நானோ சில சமயம் ஒரு நண்பரோடு மட்டும் கேஸ் அடுப்பு எடுத்துக்கொண்டு போகிறவன். (கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டுபோக முடியாது, டேராடூனிலோ மணாலியிலோ இறங்கித்தான் வாங்க வேண்டும்.) அப்போது கப்பே பாத்திரம். வெந்நீர், இன்ஸ்டன்ட் உப்புமா, காபி எல்லாம் அதிலேயே. அதற்கு அடி அகலமாக இருக்க வேண்டும். ஒடுக்கமான உயரக் கப்பில் தீ பக்கவாட்டில் ஏறிப் பிடியைச் சுட வைக்குமே தவிர, தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. உள்ளே மி.லி. கோடு போட்டிருந்தால் உப்புமாவுக்கு அளவு பார்க்க வசதி.

டைட்டானியம் நல்ல உலோகம், குறை சொல்ல மாட்டேன். 450 மி.லி. ஒற்றைச் சுவர் டைட்டானியம் கப் சுமார் 70 கிராம்தான் இருக்கும். என்னுடைய எவர்சில்வர் அதைப்போல இரண்டு மடங்கு. கிராம் கிராமாக எடை குறைத்து வாரக்கணக்கில் நடப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இது சில நூறு ரூபாய், அது சில ஆயிரம். ஆறு நாள் நடைக்கு, கூடாரத்தைக் கோவேறு கழுதை சுமக்கும்போது, அந்தப் பணத்தை நல்ல கம்பளிச் சாக்ஸுக்குக் கொடுக்கலாம்.

உதடு சுடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் பாதி டீ ஊற்றினாலும் விளிம்பு வரை சுடும். டீ ஆறிய பிறகுதான் வாய் வைக்க முடியும், குளிரில் அதற்குள் டீ வீண். எவர்சில்வரும் டைட்டானியமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் மெதுவாகக் கடத்துபவை. டீக்கு மேலே இரண்டு விரற்கடை காலியாக விட்டால் விளிம்பு உதட்டுக்குத் தாங்கும். 450 மி.லி. கப்பை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம்: 250 மி.லி. ஊற்றினாலும் மேலே இடம் மிச்சமிருக்கும், கூடாரத்துக்குள் கொண்டுபோகும்போது சிந்தாது, பருப்பு வாங்கும்போதும் போதும். 600-க்கு மேல் போனால் குடிக்க வாகாக இருக்காது.

விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நம் டம்ளருக்கு விளிம்பு வெளிப்பக்கமாக விரிந்திருக்கும் இல்லையா, அந்த மாதிரிக் கப்பைத் தேடுங்கள். அதில்தான் அண்ணாந்து குடிக்க முடியும். நண்பர்கள் நடுவே ஒரே கப் கை மாறும்போது எச்சில் படாமல் குடிக்க இது முக்கியம். யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் இன்னும் முக்கியம். தடித்த உருண்டை விளிம்புள்ள கப்பைத் தூக்கி ஊற்றினால் தண்ணீர் தாடை வழியாக ஓடிச் சட்டைக்குள் போகும். ஈரச் சட்டையோடு குளிரில் இரவைக் கழிக்க யாருக்கும் முடியாது.

மற்றவை சுருக்கமாக. பிளாஸ்டிக் கப் லேசானது, உதடு சுடாது. ஆனால் ஒருமுறை ரசம் ஊற்றினால் மஞ்சள் கறையும் வாசனையும் போகவே போகாது, அடுத்த நாள் டீயிலும் ரசம் மணக்கும். மடக்கும் சிலிக்கான் கப் பையில் இடமே எடுக்காது. வெந்நீர் நிறைந்தபின் இறுக்கிப் பிடித்தால் நெளியும். எனாமல் கப் பார்க்க அத்தனை அழகு, காரில் போய்க் கேம்ப் போடுபவர்கள் வாங்கிக்கொள்ளலாம். பாறையில் விழுந்தால் எனாமல் தெறித்து, உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும்.

கப்பைப் பைக்கு வெளியே கொக்கியில் தொங்கவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அது பிடிக்காது. அடிக்கு ஒருமுறை டங் டங் என்று சத்தம். பறவைச் சத்தம் கேட்கத்தானே காட்டுக்கே போகிறோம். முள்ளிலும் மாட்டும். நான் தண்ணீர் பாட்டிலின் அடியில் கப்பை மாட்டிப் பையின் பக்கப் பாக்கெட்டில் செருகிவிடுவேன். அதனால் கடைக்குப் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போய், கப்புக்குள் இறங்குகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். கையுறையையும் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு பிடித்துப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி.

வாங்கியதும் புளி போட்டு நன்றாகத் தேய்த்து, வெந்நீரில் ஒருமுறை அலசிவிடுங்கள், பாலிஷ் வாடை போய்விடும். அப்புறம் பாத்திரக் கடையில் கொடுத்துப் பெயர் வெட்டிக்கொள்ளுங்கள். சமையல் கூடாரத்தில் ஒரே மாதிரி பத்துப் பதினைந்து கப் வரிசையாக இருக்கும், இருட்டில் எது யாருடையது என்று தெரியாது. வாய் படும் விளிம்புப் பக்கம் வேண்டாம், பிடிக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள்.