வருகைக்குத் தேதி குறித்தால் கையெழுத்துப் போடலாமா?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சில வருடங்களாக உங்கள் எழுத்தை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் கணவர் கொஞ்ச காலமாக ஒரு பிரசங்கியாரின் வீடியோக்களிலேயே மூழ்கிக் கிடக்கிறார். அந்தப் பிரசங்கியார், கர்த்தர் வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகைக்கு ஒரு தேதியே சொல்லிவிட்டார். தானியேல், வெளிப்படுத்தல், இஸ்ரவேல், யுத்தம், பூமியதிர்ச்சி என்று வரிசையாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கேட்கும்போது மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. இப்போது மகளின் மேற்படிப்புக்காக எங்கள் இருவர் பெயரிலும் போட்டிருக்கும் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே எடுத்து அந்த ஊழியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், வேலையையும் விட்டுவிடப் போகிறேன் என்கிறார். என் கையெழுத்து வேண்டும். தயங்கினால், "புத்தியில்லாத ஐந்து கன்னிகைகளில் நீயும் ஒருத்தி" என்கிறார், கூடவே "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" வசனமும் வருகிறது. சின்னவன் ராத்திரி எழுந்துவந்து நாங்கள் கட்டிலில் இருக்கிறோமா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறான். கர்த்தருடைய வருகையை நான் மறுக்கவில்லை ஐயா. அந்தத் தேதியைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இது அவிசுவாசமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம், இது ஒன்றுக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அவிசுவாசம் இல்லவே இல்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்று இயேசுவே சொல்லியிருக்க (மத்தேயு 24:36), மாற்குவில் குமாரனும் அறியார் என்றுகூட இருக்க, ஒருவர் எனக்குத் தெரியும் என்று கிளம்பினால் சந்தேகப்படுவதுதான் விசுவாசிக்கு அழகு. ஆனால் இந்த வசனத்தைக் கணவரிடம் காட்டினால் வாயடைத்துப் போவார் என்று எதிர்பார்க்காதீர்கள். தேதி சொல்கிறவர்கள் எல்லாருமே இந்த வசனத்துக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருஷமும் மாதமும் தெரியலாமே என்பார்கள். அன்றைக்குத் தெரியாது, கடைசி காலத்தில் முத்திரை திறக்கப்படும் என்று தானியேல் சொல்லியிருக்கிறாரே என்பார்கள்.

மறுத்துப் பேசத் தெரியவில்லை என்று வருத்தப்படவும் வேண்டாம். இந்தக் கணக்குகளைப் போட்டவர்களில் பலர் கணக்கில் புலிகள். 1533 அக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று சொன்ன மிகாயேல் ஷ்டீஃபல் ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர்களில் ஒருவர், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் நண்பர், ஒரு கிராமத்துச் சபையின் போதகர். லூதரே வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஜனங்கள் வேலையை விட்டு, கையில் இருந்ததைச் செலவழித்துவிட்டு வந்து கூடினார்கள். எட்டு மணி அடித்தது, எட்டரையும் ஆனது. மனிதரைக் காவலில் பிடித்துக்கொண்டு போனார்கள், சபைப் பொறுப்பும் போயிற்று. பிறகு லூதர்தான் தயவு பண்ணி வேறொரு சபையில் சேர்த்துவிட்டார். 1544-ல் அவர் வெளியிட்ட கணித நூல் இன்றைக்கும் கணித வரலாற்றில் பேசப்படுகிறது, அதாவது எண்களைக் கையாளத் தெரியாதவர் இல்லை. அமெரிக்காவில் 1988 செப்டம்பர் என்று சொன்ன எட்கர் விஸ்னன்ட் ஒரு பொறியாளர். 2011 மே 21 என்று உலகமெங்கும் விளம்பரப் பலகை வைத்த ஹெரால்ட் கேம்பிங்கும் பொறியாளர்.

கூட்டல் கழித்தல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கோளாறு எங்கே என்றால், கூட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். தானியேல் 8:14-ல் 2300 நாள் என்று இருக்கிறது. ஒரு நாளை ஒரு வருஷமாக வைத்துக்கொள்வோம் என்றார். அதை கி.மு. 457-லிருந்து எண்ணுவோம் என்றார். பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்பதை இரண்டாம் வருகை என்று எடுத்துக்கொள்வோம் என்றார். இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டால் 1843 தானாக வந்து நிற்கும். 1843-ம் போய் 1844 வசந்தமும் போனபிறகு, அந்த இயக்கத்தில் இன்னொருவர் 1844 அக்டோபர் 22 என்று திருத்தினார். அந்த இலையுதிர் காலத்தில் விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்ட விவசாயிகள் உண்டு. உங்கள் பிரசங்கியாரின் வீடியோவிலும் "வைத்துக்கொள்வோம்" எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள், அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லாவிட்டாலும்.

கணக்கை விடுங்கள். அந்தத் தேதி உங்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்து என்ற சபைத் தலைவர் தானியேலுக்கு விளக்கவுரை எழுதினார். அதில் கருங்கடல் கரையிலிருந்த பொந்து நாட்டுச் சபைத் தலைவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். நல்ல மனிதர், தாழ்மையுள்ளவர், ஆனால் வேதத்தைவிடத் தன் சொப்பனங்களை நம்பினார். இன்னும் ஒரு வருஷத்தில் நியாயத்தீர்ப்பு என்று அறிவித்துவிட்டார். ஜனங்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள், பலர் உடைமைகளை விற்றார்கள். இதெல்லாம் போகட்டும். அவர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் எனக்கு நடுக்கத்தைக் கொடுக்கிறது: நான் சொன்னபடி நடக்காவிட்டால் இனிமேல் வேதத்தையே நம்ப வேண்டாம், அவரவர் இஷ்டப்படி நடந்துகொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். வருஷம் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. சொத்தை விற்றவர்கள் பிச்சைக்கு நின்றார்கள். (இதை எழுதிய ஹிப்போலித்துவும் சும்மா இருக்கவில்லை, வருகை கி.பி. 500 வாக்கில் என்று அவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார். யாரைத்தான் விட்டது இந்த ஆசை!)

தேதி சொல்கிறவர் பந்தயம் கட்டுவது தன் பெயரை மட்டும் அல்ல, கேட்கிறவர்களின் விசுவாசத்தையும்தான். அந்த நாள் கடந்த பிறகு உங்கள் கணவர் அந்தப் பிரசங்கியாரை விட்டு மட்டும் விலகுவார் என்று நினைக்காதீர்கள். வேதத்தை விட்டே விலகிவிடக்கூடும். அதனால் இப்போதே, சண்டை இல்லாத ஒரு நேரமாகப் பார்த்து, "அந்த நாளில் ஒன்றும் நடக்காமல் போனால் நீங்கள் ஆண்டவரை விட்டுவிடுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் வாங்கியே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள், கேள்வி அவர் மனதில் கிடக்கட்டும்.

பத்துக் கன்னிகைகளின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்கள் மேல் எறிந்த அதே உவமையை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள் (மத்தேயு 25). மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போனவர்கள் அவர்கள். அவன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள், ஐந்து பேர் மட்டும் அல்ல. புத்தியுள்ள ஐவர் செய்தது ஒன்றுதான்: தாமதமானாலும் ஆகும் என்று கூடுதல் எண்ணெய் எடுத்துப் போயிருந்தார்கள். மற்ற ஐவர், மணவாளன் தாங்கள் நினைத்த நேரத்துக்கு வந்துவிடுவான் என்று நம்பி, அதற்குப் போதுமான எண்ணெயோடு கிளம்பினவர்கள். இப்போது யோசியுங்கள், ஒரு தேதி வரைக்கும் மட்டும் எண்ணெய் போதும் என்று மிச்சத்தைக் கொட்டிவிடப் பார்ப்பது யார்? இதைக் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லாதீர்கள், வாசித்தால் அவருக்கே தெரியும். அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசியில் இன்னொரு உவமையும் இருக்கிறது. எஜமான் வரும்போது பாக்கியவானாக இருக்கும் ஊழியக்காரன் யார்? வீட்டில் உள்ளவர்களுக்கு ஏற்ற வேளையில் போஜனம் கொடுத்துக்கொண்டிருப்பவன். மகளின் படிப்புச் செலவு எனக்கு அந்தப் போஜனக் கணக்கில்தான் வருகிறது.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. சுமார் கி.பி. 50-லேயே தெசலோனிக்கேயாவில் இதே கலக்கம். நாள் வந்துவிட்டது என்று பவுலின் பெயரால் ஒரு நிருபம் வந்தாலும் சீக்கிரமாய்ச் சஞ்சலப்படாதேயுங்கள் என்று பவுல் எழுத வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஃபார்வர்டு மெசேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவுல் எழுதிய அந்த நிருபத்தின் (2 தெசலோனிக்கேயர்) மூன்றாம் அதிகாரத்தில், வேலை செய்யாமல் திரிகிறவர்கள் அமைதலோடே வேலை செய்து தங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்று கட்டளை வருகிறது. வேலையை விடப் போகிறேன் என்கிறவரிடம் இதைக் காட்டலாம்.

யுத்தம், பூமியதிர்ச்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யுத்தச் செய்திகளைக் கேட்கும்போது கலங்காதேயுங்கள், முடிவு உடனே வராது என்று அந்த அடையாளங்களைச் சொன்னவரே சொல்லிவிட்டார். 1529-ல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது லூதருக்கும் கடைசி காலம் வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

பணத்துக்கு வருவோம். 1992 அக்டோபர் 28 என்று தென்கொரியாவில் ஒரு பெரிய கூட்டம் நம்பியது. லீ ஜாங்-ரிம் என்ற போதகரின் பிரசங்கம். வேலையை விட்டவர்கள், சொத்தைக் கொடுத்தவர்கள் ஏராளம். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு போலீஸ் அவரைக் கைது செய்து பார்த்தபோது, ஜனங்கள் கொடுத்த பணத்தில் அவர் கடன்பத்திரம் வாங்கி வைத்திருந்தது தெரிந்தது. அது முதிர்வது அக்டோபர் 28-க்கு அப்புறம்! மோசடி வழக்கில் அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. உங்கள் பிரசங்கியார் இப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. உண்மையாகவே நம்பிச் சொல்கிறவராக இருக்கலாம். ஆனால் உலகம் முடியப் போகிறது என்றால் காணிக்கை எதற்கு என்று கேட்பதில் தப்பே கிடையாது.

இதற்கு நேர் எதிரில் எரேமியாவை வைத்துப் பாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, நகரம் விழும் என்று சொன்னதே அவர்தான், அதற்காகக் காவலிலும் கிடக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார் (எரேமியா 32). எல்லார் கண் முன்னாலும் செய்கிறார். உண்மையான தீர்க்கதரிசிக்கு அழிவும் தெரிந்திருந்தது, பத்திரத்தின் அவசியமும் தெரிந்திருந்தது.

கீழ்ப்படிதல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்போஸ்தலர் 5-ல், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் காணிக்கையாகக் கொண்டுவந்த தம்பதி அனனியாவும் சப்பீராளும் வருகிறார்களே, அங்கே பேதுரு சப்பீராளைத் தனியாகக் கேட்கிறார், அவள் வாயிலிருந்து பதிலை எதிர்பார்க்கிறார். புருஷனோடு ஒத்துப்போனேன் என்பது அவளுக்குச் சாக்காக அமையவில்லை. காணிக்கை விஷயத்தில் மனைவிக்கும் தனியே ஒரு மனசாட்சி உண்டு. அதே இடத்தில் பேதுரு, நிலம் விற்கப்படும் முன்னே உன்னுடையதாய் இருக்கவில்லையா என்றும் கேட்கிறார், அதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்த முதல் சபையிலேயே கிடையாது. கணவரிடம், "என் சம்பளத்திலோ நகையிலோ கேளுங்கள், யோசிக்கிறேன். பிள்ளையின் பணத்தை நம் இரண்டு பேராலும் கொடுக்க முடியாது" என்று சொல்லுங்கள். சத்தம் போட்டால் போடட்டும். தேவைப்பட்டால் உங்கள் சபைப் போதகரையும் அவர் மதிக்கிற ஒரு பெரியவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

சின்னவனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த நிறையப் பேருக்கு இது தெரியும்: பள்ளிவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும், அடுப்படியில் ஆள் இருக்காது, கூப்பிட்டால் பதில் வராது, ஒரு நிமிஷம் குலை நடுங்கிவிடும், எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டாயிற்று நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று. அம்மா பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பார். பெரியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அந்த வயதில் அது சிரிப்பு இல்லை. மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றி எழுதிய பவுல் அந்தப் பகுதியை எப்படி முடிக்கிறார்? "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." பிள்ளை தூக்கம் கெட்டு வந்து தொட்டுப் பார்க்கும்படி ஒருவர் இதைப் பிரசங்கிக்கிறார் என்றால், வசனம் அதேதான், உபயோகம் தலைகீழ். வீடியோவைப் பையன் காது கேட்கும் இடத்தில் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இதில் சமரசம் வேண்டாம். அவனை உங்கள் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்ளுங்கள், இயேசு வந்தால் அவனைத் தேடித்தான் வருவார் என்று சொல்லுங்கள்.

கணவரைக் கேலி செய்யாதீர்கள், மற்றவர்கள் செய்யவும் விடாதீர்கள். அவருடைய ஏக்கத்தில் தப்பில்லை. ஆண்டவர் வர வேண்டும் என்று விரும்பாத கிறிஸ்தவன் யார்? தேதி கடந்ததும் ஒரு திருத்தம் வரும், அதை இப்போதே எதிர்பார்த்து வையுங்கள். விஸ்னன்ட் ஒரு வருஷம் பிசகிவிட்டது என்று 1989-க்கு மாற்றினார். கேம்பிங் மே 21-ல் நடந்தது ஆவிக்குரிய நியாயத்தீர்ப்பு, மிச்சம் அக்டோபர் 21-ல் என்றார். ஆனால் அதே கேம்பிங் 2012 மார்ச்சில், தேதி சொன்னது பாவம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் வெளியிட்டார், அப்போது வயது தொண்ணூறு. அந்தக் கடிதத்தைப் பற்றி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், எதிரியின் வாதமாக இல்லாமல் அவர்கள் பக்கத்து மனிதர் ஒருவரின் வார்த்தையாகக் காதில் விழும்.

ராஜினாமாவைத் தடுக்க ஒரு வழி தோன்றுகிறது. அந்தத் தேதி வருகிற வாரத்துக்கு அவர் விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும். ஜெபிக்கட்டும், உபவாசம் இருக்கட்டும், நீங்களும் கூட உட்காருங்கள். விடுப்புக் கடிதத்தில் மறுபடி வேலைக்கு வரும் நாளையும் எழுத வேண்டியிருக்கும். எழுதச் சொல்லுங்கள்.