வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவில் ‘ஜேடன்’

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகளும் மருமகனும் பிறக்கப்போகும் பேரனுக்கு ‘ஜேடன்’ என்று பெயர் வைக்க நினைக்கிறார்கள். “அந்தப் பெயர் பழசாகிவிட்டது, வகுப்புக்கு நாலு ஜேடன் இருப்பான்” என்கிறார் சம்பந்தி. உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாதி உண்மை. அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில், முதல் ஆயிரம் பெயர்களுக்குள் ஜேடன் நுழைந்ததே 1994-இல்தான். 2009-இல் 8-ஆவது இடம். 2010, 2011 இரண்டிலும் 4. அதன்பின் 2012-இல் 7, 2013-இல் 9. 2014-இல் முதல் பத்திலேயே இல்லை. ஆக, உச்சம் போய்விட்டது என்பது சரி.

‘வகுப்புக்கு நாலு’ என்பதுதான் தவறு. உச்சத்தில் இருந்த 2010-இல்கூட இந்தப் பெயர் வைக்கப்பட்ட ஆண் குழந்தைகள் சுமார் 17,000. அந்த ஆண்டு அங்கே பிறந்த ஆண் குழந்தைகள் ஏறத்தாழ 20 லட்சம். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 12 பையன்கள் உள்ள வகுப்பு என்றால், பத்து வகுப்புக்கு ஒரு ஜேடன் வருவான்.

எல்லாரும் தடுமாறுவது இந்த ‘இடம்’ என்ற கணக்கில்தான். 1880-ஆம் ஆண்டுப் பதிவில் முதலிடம் பெற்ற ‘ஜான்’ 9,655 பேர்தான். ஆனால் பதிவான ஆண்களில் அது 8 சதவீதத்துக்கும் மேல். 2017-இல் முதலிடத்துக்கு வந்த ‘லியம்’ சுமார் ஒரு சதவீதம். அன்றைய முதலிடமும் இன்றைய முதலிடமும் ஒரே எடை அல்ல. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பெயர்கள் பெருகிவிட்டதால் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கிவிட்டது. பெயர் தேடுகிறவர்கள் இடத்தைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் மகனுக்கு வைத்ததால்தானே இந்தப் பெயர் பரவியது?
– வாசகர், கோவை

பதில்: அவருடைய இரண்டாவது மகன் பிறந்தது 2006-இல். பெயர் அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த பெயரைத்தான் அவரும் எடுத்தார். அதன்பின் வேகம் கூடியிருக்கலாம்.

பெரிய காரணம் ஓசை. ஏடன், பிரேடன், கேடன், ஹேடன் என்று ஒரே சந்தத்தில் ஒரு கூட்டமே அப்போது எழுந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஆண் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினரின் பெயர் ‘ன்’ ஓசையில் முடிந்தது. முருகன், கண்ணன் என்று கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது இயல்பாகப் படுவதில் வியப்பில்லை.

வேகமாக ஏறும் பெயர் வேகமாகவே கைவிடப்படும். அமெரிக்க, பிரெஞ்சுப் பெயர்ப் பதிவுகளை வைத்து ஜோனா பெர்கர், கயேல் லெ மென்ஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. ஜேடனுக்கு அப்படியே பொருந்துகிறது.

கேள்வி: கணக்கை நாமே போட்டுப் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முடியும். அந்த நிர்வாகத்தின் இணையதளத்தில் ஆண்டுக்கொரு கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வரியிலும் பெயர், பாலினம், எண்ணிக்கை மூன்றும் கமாவால் பிரிக்கப்பட்டிருக்கும். எக்செல்லில் திறந்து, முதலில் ஆண்களை மட்டும் வடிகட்டுங்கள். ஜேடன் பெண் குழந்தைகளுக்கும் வைக்கப்படுகிற பெயர், இதை விட்டால் கணக்கு கலங்கிவிடும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ‘ஒய்’ போட்டு, ‘ஒய்’ இல்லாமல், ‘ஐ’ போட்டு, கடைசியில் ‘இ’-க்குப் பதில் ‘ஓ’ போட்டு என்று ஜேடனை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுகிறார்கள். பட்டியல் ஒவ்வொன்றையும் தனிப் பெயராகவே எண்ணும். எல்லாவற்றையும் கூட்டினால்தான் காதில் விழும் ஜேடன்கள் எத்தனை பேர் என்று தெரியும். நான் மேலே சொன்ன 17,000 ‘ஒய்’ போட்ட, ‘இ-என்’ என முடியும் வடிவம் மட்டுமே. கூட்டினால் பங்கு உயரும்.

பிறகு அந்த ஆண்டின் மொத்த ஆண் குழந்தைகளால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மொத்தத்துக்குக் கோப்பின் எண்ணிக்கைகளைக் கூட்டி எடுக்காதீர்கள். ஐந்து பேருக்குக் குறைவான பெயர்களைத் தனியுரிமைக்காக அதில் சேர்ப்பதில்லை. கூட்டுத்தொகை குறைவாக வந்து சதவீதம் ஊதிவிடும். மொத்தப் பிறப்பு எண்ணிக்கை அதே தளத்தில் தனி அட்டவணையாக இருக்கிறது. இன்னொன்று: அமெரிக்காவில் பிறந்தவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். சென்னையில் பிறந்து அங்கே போய் சமூகப் பாதுகாப்பு அட்டை வாங்கிய குழந்தை இதில் வராது.

கேள்வி: பிரிட்டனிலும் இப்படித்தான் எண்ணுகிறார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆம், இங்கிலாந்து – வேல்ஸ் பட்டியலிலும் எழுத்துக்கூட்டல் மாறினால் வேறு பெயர்தான். 2023-இல் அங்கே முதலிடம் பெற்ற ‘முஹம்மது’ ஒரே ஒரு எழுத்து வடிவத்தின் எண்ணிக்கை. மற்ற வடிவங்கள் அதே பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. அங்கே மூன்று பேருக்குக் குறைவான பெயர்களைத்தான் விடுகிறார்கள்.